வானத்தில் நின்ற காவலர் – தாடியஸ் லோ

பூமியில் போர்கள் தோன்றிய நாள் முதலாகப் படைத்தலைவர்கள் அனைவரையும் வாட்டி வந்த கேள்வி ஒன்று உண்டு. அதோ தெரிகிற குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. எதிரி எத்தனை பேர், பீரங்கிகள் எங்கே, இரவோடு இரவாக எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்று அறிய முடியாமல் தோற்ற படைகள் எத்தனையோ! மரத்தின் மேலும் கோட்டைக் கோபுரத்தின் மேலும் ஆளை ஏற்றிப் பார்த்தனர். மரமும் கோபுரமும் இல்லாத வெளியில் என்ன செய்வது?

பிரான்சு நாட்டில் மாங்கோல்பியர் சகோதரர்கள் செய்த புகைக்கூண்டில் 1783-ஆம் ஆண்டு மனிதன் முதன்முதலாக வானில் மிதந்தான். பதினோர் ஆண்டுகளுக்குள் அந்தப் புதுமை போர்க்களத்திற்கும் வந்துவிட்டது. 1794-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிளேரஸ் என்னும் இடத்தில் நடந்த போரில், கூத்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்றால் கட்டிய பலூனில் பல மணி நேரம் வானிலேயே நின்று, எதிரிகளின் நடமாட்டத்தைக் குறித்துக் கீழே அனுப்பினார். பிரெஞ்சுப் படை வென்றது. எனினும் ஐந்தாண்டுகளில் அந்தப் பலூன் படை கலைக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவரே தாடியஸ் லோ. அவருடைய வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொள்வோம்.

இளமையும் வறுமையும்

லோ 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். போலந்து வீரன் ஒருவனைக் கதைத்தலைவனாகக் கொண்ட நாவல் அந்நாளில் புகழ் பெற்றிருந்தது. அவ்வீரனின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினர். நாம் நாள்தோறும் மன்றாடும் புனித யூதா ததேயுவின் பெயரும் இதுவே அல்லவா? ததேயு என்பதைத்தான் ஆங்கிலேயர் தாடியஸ் என்கின்றனர்.

பத்து வயதில் தாயை இழந்தார் லோ. குடும்பம் வறுமையில் இருந்தமையால் பிறருடைய பண்ணையில் வேலைக்கு விடப்பட்டார். பள்ளிக்குச் சென்ற காலம் மிகவும் குறைவு. ஆயினும் கிடைத்த நூல்களை எல்லாம் இரவில் படித்தார். காற்று எந்த உயரத்தில் எத்திசையில் வீசுகிறது என்று மேகங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். ஊர் ஊராகச் சென்று இரசாயன வித்தைகள் செய்து காட்டிய ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காற்றைவிட எடை குறைந்த வாயுக்களைப் பற்றி அங்கேதான் அறிந்தார். பின்பு தாமே மேடையேறிச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். பட்டம் எதுவும் பெறாத அவரை மக்கள் ‘பேராசிரியர் லோ’ என்று அழைத்தனர்.

1855-ஆம் ஆண்டு பாரிசில் பிறந்த லியோந்தின் என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தனர். கணவர் வானில் திரிகையில் இல்லத்தைக் காத்தவர் அவ்வம்மையார். துன்பம் வந்தபோது கணவரையும் காத்தவர் அவரே என்பதைப் பின்னர் காண்போம்.

கடலைக் கடக்கும் கனவு

அட்லாண்டிக் பெருங்கடலைப் பலூனில் கடந்து ஐரோப்பாவை அடைய வேண்டும் என்பது லோவின் கனவு. அதற்காக நூறு அடிக்கு மேற்பட்ட விட்டமுடைய மாபெரும் பலூன் ஒன்றைச் செய்தார். 1860-ஆம் ஆண்டு புறப்படும் வேளையில் காற்று அதைக் கிழித்துவிட்டது. மனம் தளராத அவர், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரும் பெரும் விஞ்ஞானியுமான ஜோசப் ஹென்றியிடம் ஆலோசனை கேட்டார். முதலில் உள்நாட்டில் மேற்கிலிருந்து கிழக்கே பறந்து, மேல் வானத்துக் காற்றை நம்பலாமா என்று சோதித்துப் பார்க்கும்படி ஹென்றி அறிவுரை கூறினார்.

அவ்வாறே 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் விடியுமுன் சின்சினாட்டி நகரிலிருந்து லோ புறப்பட்டார். காற்று அவரைக் கிழக்கே கொண்டு செல்லாமல் தெற்கே திருப்பியது. சுமார் ஒன்பது மணி நேரத்திற்குப் பின் அவர் இறங்கிய இடம் தென் கரோலினா மாநிலம். அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து, எட்டு நாட்களுக்கு முன்புதான் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வானிலிருந்து இறங்கிய வடநாட்டு மனிதரைக் கண்ட மக்கள் ஒற்றன் என்றே எண்ணினர். அவர் சிறைப்படுத்தப்பட்டார். அன்று காலையில் சின்சினாட்டியில் அச்சான செய்தித்தாள்கள் அவரிடம் இருந்தன. கற்றவர் சிலரும் அவர் விஞ்ஞானியே என்று உறுதி கூறினர். அதனால் விடுதலை பெற்று இரயிலில் ஊர் திரும்பினார். வழியெல்லாம் போருக்குத் திரளும் படைகளைக் கண்டார். கடலைக் கடக்கும் கனவை ஒதுக்கி வைத்துவிட்டுத் தம் கலையை நாட்டுக்கு அளிக்க முடிவு செய்தார்.

வானிலிருந்து ஒரு தந்தி

1861 ஜூன் மாதம் வாஷிங்டன் நகரில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. லோ பலூனில் சுமார் 500 அடி உயரம் ஏறினார். கூடவே தந்திக் கருவியும் அதை இயக்குபவரும் சென்றனர். கம்பி, கட்டியிருந்த கயிற்றோடு தரைக்கு வந்தது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 50 மைல் குறுக்களவுள்ள நிலப்பரப்பு தம் கண்முன் விரிந்து கிடப்பதாக லோ அதில் தெரிவித்தார். பறக்கும் கலத்திலிருந்து மின் தந்தி மூலம் வந்த முதற் செய்தி அதுவே என்பர்.

லிங்கன் மகிழ்ந்தார். ஆனால் முதிய தளபதி ஸ்காட் இதைப் பொருட்படுத்தவில்லை. லோ பலமுறை சென்றும் அவரைச் சந்திக்க முடியவில்லை. இறுதியில் லிங்கனே லோவை அழைத்துக்கொண்டு தளபதியின் அலுவலகத்திற்கு நடந்து சென்று அறிமுகம் செய்து வைத்தார். நாட்டின் தலைவர் ஒருவர், பட்டமும் பதவியும் இல்லாத ஓர் உழைப்பாளிக்காக நடந்தார் என்பது நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி.

அதே கோடையில் புல் ரன் என்னுமிடத்தில் வடபடை தோற்றது. எதிரிகள் தலைநகரையே பிடிக்க வருகிறார்கள் என்ற பீதி எங்கும் பரவியது. ஜூலை 24 அன்று லோ பலூனில் ஏறிச் சென்று பார்த்து, எதிரிப்படை முன்னேறவில்லை என்று கூறினார். நகரம் அமைதி கொண்டது.

அந்தப் பயணத்தில் அவருக்கு ஓர் ஆபத்து நேர்ந்தது. பலூன் கயிற்றில் கட்டப்படாமல் தானே மிதந்தது. திரும்பி வருகையில் சொந்த நாட்டு வீரர்களே, இவர் யார் என்று தெரியாமல் சுட்டனர். அடையாளம் காட்டக் கொடி இல்லாமையால் அவர் மேலும் மிதந்து சென்று எதிரிகள் நடமாடும் பகுதியில் இறங்க நேர்ந்தது. காலும் சுளுக்கிக்கொண்டது. செய்தியறிந்த லியோந்தின் அம்மையார் கிழவியைப் போல் வேடமிட்டு வண்டியோட்டிச் சென்று, கணவரையும் பலூனையும் கித்தானால் மூடி மறைத்து மீட்டு வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். எதிரிகள் கண்டிருந்தால் இருவர் கதியும் என்னவாகியிருக்கும்!

பலூன் படையும் அதன் பணியாளரும்

இதன்பின் லோவின் தலைமையில் பலூன் படை அமைக்கப்பட்டது. மொத்தம் ஏழு பலூன்கள். வலுவான பட்டுத்துணியில் தைத்து, வாயு கசியாதிருக்க ஆளிவிதை எண்ணெய் கலந்த மெருகு பூசினர். பெரிய பலூன்கள் 32,000 கன அடி வாயுவும், சிறியவை 15,000 கன அடி வாயுவும் கொண்டன.

நகரங்களில் விளக்கெரிக்கும் வாயுவைக் குழாயிலிருந்து பலூனில் நிரப்பலாம். காட்டில் என்ன செய்வது? இதற்கு லோ கண்ட வழி வியப்பானது. நமது ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் துண்டுகளின்மேல் நீர்த்த அமிலத்தை ஊற்றினால் குமிழியிட்டு வரும் ஹைட்ரஜன் வாயுவை நாம் அறிவோம். எரியும் குச்சியை அருகே கொண்டு சென்றால் ‘பப்’ என்ற ஓசையுடன் அது எரிவதையும் கண்டிருக்கிறோம். அதே பாடத்தைத்தான் லோ போர்க்களத்திற்குக் கொண்டு சென்றார். சக்கரங்களின்மேல் பெரிய மரத்தொட்டிகளை அமைத்து, அவற்றில் இரும்புத் துகள்களையும் நீரையும் இட்டுக் கந்தக அமிலத்தை ஊற்றினார். எழும் வாயுவைக் குளிர்வித்துச் சுண்ணாம்பின் வழியே செலுத்தித் தூய்மையாக்கிப் பலூனில் நிரப்பினார். இத்தகைய வண்டிகள் பன்னிரண்டு செய்யப்பட்டன. குதிரைகள் இழுத்துச் செல்லும் வாயுத் தொழிற்சாலைகள் அவை! ஒரு பலூனை நிரப்ப ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அருகில் ஒரு தீப்பொறி விழுந்தாலும் எல்லாம் சாம்பலாகிவிடும்.

மேலே கூடையில் நிற்பவர் ஓரிருவர்தாம். கீழே கயிறுகளைப் பற்றி இழுக்கவும் தளர்த்தவும் வீரர்கள் பலர் நிற்பர். காற்று திரும்பினால் அவர்கள் கைகள்தாம் மேலிருப்பவரின் உயிர். ஜேம்ஸ் ஆலன், எஸ்ரா ஆலன் என்ற சகோதரர்கள், ஸ்டார்க்வெதர், பாலின், ஸ்டைனர் முதலியோர் லோவின் கீழ்ப் பலூன்களை இயக்கினர். லோவின் தந்தை கிளோவிசும் முதுமையில் மகனுக்குத் துணையாக இப்படையில் பணியாற்றினார்.

இவர்கள் எவரும் போர்வீரர் அல்லர். நாட்கூலி பெறும் குடிமக்களே. லோவுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் ஊதியம். சீருடையும் படைப்பதவியும் இல்லாததால் எதிரி கையில் அகப்பட்டால் போர்க்கைதி என்ற மதிப்புக்கூடக் கிடைக்காது. ஒற்றர் என்று தூக்கிலிடலாம். இதை அறிந்தே அவர்கள் நாள்தோறும் கூடையில் ஏறினர்.

1861 செப்டம்பர் 24 அன்று லோ ஆயிரம் அடிக்கு மேல் ஏறி, தொலைவில் இருந்த எதிரிகளின்மீது குண்டு எங்கே விழுகிறது என்று தந்தி அடித்தார். இலக்கைக் காணாமலேயே பீரங்கி வீரர்கள் குறியைத் திருத்திச் சுட்டனர். அதே ஆண்டு நவம்பரில் நிலக்கரிப் படகு ஒன்றின் மேல்தளத்தைச் சமப்படுத்தி, பொட்டோமாக் ஆற்றில் இழுத்துச் சென்று அதிலிருந்து பலூனை ஏற்றினர். இக்கால விமானந்தாங்கிக் கப்பல்களின் மூதாதை என்று அப்படகைச் சொல்லலாம்.

யார்க்டவுனும் ஒரு கெண்டியும்

1862 வசந்தத்தில் வடபடை யார்க்டவுன் நகரை முற்றுகையிட்டது. ஏப்ரல் 11 அன்று தளபதி போர்ட்டர் தனியாகப் பலூனில் ஏறியபோது கயிறு அறுந்துவிட்டது! காற்று அவரை எதிரிகளின் தலைக்கு மேலேயே கொண்டு சென்றது. எல்லாரும் திகைத்து நிற்கையில் காற்று திரும்பி அவரைத் தம் பக்கமே கொண்டுவந்து சேர்த்தது. இறைவன் காத்தான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மே இறுதியில் பேர் ஓக்ஸ் என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. சிறிய பலூனில் ஏறிப் பார்த்த லோ, பெருகிய சிக்கஹாமினி ஆற்றால் பிரிக்கப்பட்டுக் கிடந்த வடபடையின் ஒரு பகுதியை நோக்கி எதிரிகள் திரள்வதைக் கண்டார். உடனே தந்தி அனுப்ப வேண்டும். தந்திக் கருவியைத் தூக்க அந்தச் சிறு பலூனுக்கு வலுவில்லை. பெரிய பலூன் நிரம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நிமிடமும் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. சுற்றும்முற்றும் பார்த்தவர் கண்ணில் சமையலுக்கு வைத்திருந்த ஒரு கெண்டி பட்டது. அதன் அடியை வெட்டச் சொல்லி, இரண்டு பலூன்களின் வாய்களையும் அதனால் இணைத்து, நிரம்பியிருந்த சிறு பலூனின் வாயுவைப் பெரியதற்கு மாற்றினார். மேலே சென்றார். செய்தி போனது, துணைப்படை வந்தது. ஒரு கெண்டி ஒரு மணி நேரத்தை மீட்டது.

தெற்கத்தியரும் சும்மா இருக்கவில்லை. பலூனைச் சுட்டு வீழ்த்த ஓயாது முயன்றனர். ஒன்றையும் வீழ்த்த முடியவில்லை. இரவில் அடுப்பு நெருப்பை மறைத்தனர். மரக்கட்டைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பீரங்கிபோல் நிறுத்தி ஏமாற்றினர். தாங்களும் பலவண்ணப் பட்டில் ஒரு பலூன் செய்தனர். தென்னாட்டுப் பெண்கள் தங்கள் பட்டாடைகளைத் தியாகம் செய்து அதைத் தைத்தனர் என்று ஓர் அழகான கதை பரவியது. உண்மையில் அது கடைகளில் வாங்கிய ஆடைப்பட்டு என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். 1862 ஜூலை 4 அன்று அது வடநாட்டார் கையில் சிக்கியது. அப்பலூனில் ஏறிப் பார்த்த அலெக்சாண்டர் என்ற தென்னாட்டு அதிகாரி, வடநாட்டார் பலூன்களைக் கைவிட்டது தமக்குப் புரியாத புதிர் என்று பின்னாளில் எழுதினார். ஒன்றும் காணாவிட்டாலும், மறைந்து மறைந்து நடக்கத் தம் படை பட்ட தொல்லைக்காகவே அவற்றை வைத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. எதிரியே தந்த நற்சான்றிதழ் இது!

நன்றி மறந்த நாட்கள்

சதுப்பு நிலத்தில் கிடந்த லோவை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. ஒரு மாதத்திற்கு மேல் படுக்கையில் இருந்து திரும்பியபோது அவருடைய வண்டிகளும் கோவேறு கழுதைகளும் வேறு பணிக்கு எடுக்கப்பட்டிருந்தன. 1863-இல் புதிதாக மேலதிகாரியாக வந்தவர் அவர் ஊதியத்தை 10 டாலரிலிருந்து 6 டாலராகக் குறைத்தார். சான்சலர்ஸ்வில் போர் முடியும் வரை பொறுத்திருந்து பணியாற்றிய லோ, மே மாதத்தில் விலகினார். அவர் போனபின் பலூன் படையும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டுக்குள் கலைந்துபோனது.

ஆனால் விதைத்த விதை வீணாகவில்லை. 1863 ஆகஸ்டில் மின்னசோட்டா மாநிலத்தில் ஸ்டைனரின் பலூனில் ஏறிப் பார்த்த ஜெர்மானிய இளைஞர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் பெரும் ஆகாயக் கப்பல்களைச் செய்த செப்பலின் பிரபு அவரே.

போருக்குப் பின் லோ செயற்கைப் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் அமைத்தார். கனல்கின்ற நிலக்கரியின்மேல் நீராவியைச் செலுத்தி எரிவாயு செய்யும் சிறந்த முறை ஒன்றை 1873-இல் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். கலிபோர்னியாவில் பாசடீனா நகரருகே மலைமீது ஏறும் இரயில் பாதை ஒன்றை 1893 ஜூலை 4 அன்று திறந்து வைத்தார். அம்மலைக்கு லோ மலை என்றே பெயர். அந்த இரயில் பாதையே அவர் செல்வம் முழுவதையும் விழுங்கிவிட்டது. 1913 ஜனவரி 16 அன்று தம் மகள் இல்லத்தில் எண்பதாம் வயதில் அவர் காலமானார். அவர் மடியில் வளர்ந்த பேத்தி புளோரன்ஸ், ‘பாஞ்சோ பார்ன்ஸ்’ என்ற பெயரில் புகழ் பெற்ற விமானியாகி, 1930-இல் பெண்களுக்கான வேகச் சாதனையை முறியடித்தார். தாத்தாவின் வானம் பேத்திக்குச் சொத்தாயிற்று.

நாம் கற்கும் பாடம்

லோவின் வாழ்வைப் படிக்கையில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. அவர் அனுப்பிய தந்திகள் குண்டுகளுக்கு வழி காட்டின. அக்குண்டுகளால் இறந்தவர்களும் ஒரு தாயின் மக்களே. அந்தப் போரில் இரு பக்கமும் மாண்டவர் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர். கொலை செய்யாதே என்பது இறைவனின் கட்டளை. அப்படியிருக்க இவரை நாம் போற்றலாமா?

இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. அந்தப் போரின் முடிவில், 1865-இல், சுமார் 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர் என்பது உண்மை. லோவின் கண்கள் பல படைகளைத் திடீர்த் தாக்குதலிலிருந்து காத்தன என்பதும் உண்மை. அவர் கையில் வாள் இல்லை; தொலைநோக்கியும் தந்தியுமே இருந்தன. ஆயினும் வானிலிருந்து பார்ப்பவனுக்குக் கீழே உள்ள மனிதர் எறும்புகள்போல் தெரிவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. உயரம் கூடக் கூட இரக்கம் குறையும் ஆபத்து உண்டு. லோவின் காலத்துப் பலூனுக்குப் பின் விமானம் வந்தது. இன்றோ ஆளில்லாமலே பறக்கும் கருவிகள் வந்துவிட்டன. பார்க்கும் கண்ணின் வலிமை வளர்ந்துவிட்டது. அதனோடு மனமும் வளர வேண்டாமா?

மற்றொன்றும் நாம் கற்கிறோம். மேலே நின்ற அவர் கண்டதைக் கண்டபடியே சொன்னார். எதிரி வரவில்லை என்றால் வரவில்லை என்றார். வருகிறான் என்றால் வருகிறான் என்றார். பயத்தால் கூட்டவோ, பரிசுக்காகக் குறைக்கவோ இல்லை. வகுப்புத் தலைவியரும், வீட்டின் மூத்த பெண்களும், நாளை பதவியில் அமரப்போகும் நாம் அனைவரும், மற்றவரைவிடச் சற்று உயரத்தில் நிறுத்தப்பட்டவர்களே. உயரம் நமக்குக் கொடுக்கப்படுவது பிறரைக் குனிந்து பார்ப்பதற்காக அன்று. அவர்களுக்குத் தெரியாத ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதற்காகவே.

சீருடையும் விருதும் இன்றி, கயிற்றைப் பிடித்திருக்கும் தோழர் கைகளை நம்பி வானில் நின்ற அந்த மனிதரையும், பெயர் தெரியாமல் கீழே நின்று கயிறு பிடித்த அந்தக் கைகளையும் நன்றியோடு நினைப்போம். மனிதன் வானில் ஏறுவது போருக்காக இல்லாமல் மழையையும் புயலையும் அறிந்து உயிர்களைக் காப்பதற்காகவே இருக்கும் நாள் விரைவில் வரவேண்டுமென்று சமாதானத்தின் அரசியாம் நம் அன்னை வழியாக இறைவனை வேண்டுவோம்.